மாறித் திறந்த கதவு

இந்தக் கதையில் எல்லாவற்றையும் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். நடந்தது எழுபத்தைந்தாம் வருடமா, எழுபத்தாறா? தெரியவில்லை. அந்தக் காரின் நிறம் கரும்பச்சை என்று நான் சொல்வேன். நீலம் என்று அடித்துச் சொல்பவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அதன் முன்கதவு எந்தப் பக்கமாகத் திறந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

எங்கள் ஊர் சங்ககிரி ரோட்டின் மேல் இருக்கிறது. அங்கே காளியண்ணனுக்கு இரண்டு லாரிகள் ஓடின. அவருடைய மகள் சௌந்திரம் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். எதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வீட்டில் அம்மா பாவாயியும், அப்பாவின் அக்கா ஆராயி அத்தையும் இருந்தார்கள். அத்தைக்கு இடது முழங்கால் மடங்காது. இரண்டு வருடத்துக்கு முன் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடியது. ஆனால் கால் நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டது.

அந்தக் காலோடு பஸ் படியில் ஏற முடியாது. லாரி அதைவிட உயரம். ஒரே ஒருமுறை, ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக, டிரைவர் செங்கோட்டையனும் இன்னும் இரண்டு பேரும் அத்தையைத் தூக்கி லாரிக்குள் உட்கார வைத்தார்கள். கடைவீதியில் இருந்த அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.

"மூட்டை ஏத்தற மாதிரி ஏத்திப்போட்டாங்க" என்றாள் அத்தை, வீட்டுக்கு வந்த பிறகு. அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை.

எடப்பாடியில் அத்தையின் மகள் வசந்தாமணிக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நோஞ்சானாக இருந்ததால் கொஞ்ச காலத்துக்கு வெளியே எடுத்துப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை பழைய சேலைகளை மடித்துத் தைத்து, குழந்தைக்கு ஒரு குட்டி மெத்தை செய்தாள். அது மூன்று மாதமாக அவள் கட்டிலின் கால்மாட்டிலேயே கிடந்தது. சௌந்திரம் தினமும் அதைப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த காளியண்ணன் சொன்னார்: "ஒரு காரு வாங்கிப்போடலாம்னு இருக்கறேன். அக்காவும் எங்க வேணும்னாலும் வந்து போகலாம்."

அத்தை அன்று ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

விலைக்கு இரண்டு கார்கள் வந்தன. ஓமலூரில் ஒரு வெள்ளை ஹெரால்டு. எடப்பாடியில் ஒரு பச்சை பியட். இரண்டும் நம் நாட்டில் செய்த வண்டிகள்தான். ஆனால் ஹெரால்டின் பூர்வீகம் இங்கிலாந்து, பியட்டின் பூர்வீகம் இத்தாலி.

"ஒண்ணு சீமைக்காரன் வண்டி. இன்னொண்ணு அடுத்த சீமைக்காரன் வண்டி" என்று செங்கோட்டையன் எளிதாக விளக்கிவிட்டான்.

காளியண்ணன் அதுவரை லாரி மட்டுமே வாங்கியவர். காரையும் லாரி பார்ப்பது போலவே பார்த்தார். ஓமலூரில் முதலில் நான்கு டயர்களையும் உதைத்தார். தரையில் ஒரு சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார். வெளியே வந்து, "எத்தனை மூட்டை தாங்கும்?" என்று கேட்டார்.

"மூட்டையுங்களா?" என்று ஓமலூர்க்காரர் விழித்தார்.

ஆனால் ஹெரால்டின் மூடியைத் திறந்தபோது காளியண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அந்த வண்டியின் முன்பக்கம் முழுதும், முதலை வாயைப் பிளப்பது போல, ஒரே துண்டாக மேலே எழுந்தது. எஞ்சின் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது.

"அட, எஞ்சினைச் சுத்திச் சுத்தி வந்து வேலை பாக்கலாமாட்ட இருக்குதே!" என்றார்.

"பக்கத்துல ஸ்டூல் போட்டு டீ கூடக் குடிக்கலாமுங்க மொதலாளி" என்றான் செங்கோட்டையன்.

உள்ளே உட்கார்ந்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு எடப்பாடிக்குப் போனார்கள். பச்சை பியட்டின் முன்கதவைத் திறந்ததும் செங்கோட்டையன் சிரித்துவிட்டான். மற்ற வண்டிகளில் கதவின் கீல் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம் இருந்தது. கதவு மாறித் திறந்தது.

"குடிச்சுப்போட்டு மாட்டிட்டாங்களா?"

"பழைய பியட்டு எல்லாமே அப்படித்தானுங்க" என்றார் விற்பவர்.

காளியண்ணன் முகம் சுளித்தார். "ஓடறப்ப தெறந்துக்கிட்டா காத்துல பறந்துருமே!" அவர் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார்.

சௌந்திரம் அந்தக் கதவருகே வெகுநேரம் நின்றாள். அத்தை கட்டிலில் எப்படி உட்காருவாள் என்று அவளுக்குத் தெரியும். முதலில் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். எதையாவது இடது கையால் பிடித்துக்கொள்வாள். உட்காருவாள். அப்படியே பின்னால் நகர்வாள். கடைசியில்தான் கால் வரும்.

சௌந்திரம் காருக்கு முதுகைக் காட்டி நின்றாள். திறந்த கதவு அவளுடைய இடது கைக்குப் பக்கத்தில் கைப்பிடி போல நின்றது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி இருந்தது. கியர்க் கம்பி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் நடுவில் எதுவும் இடிக்கவில்லை. காலை விறைப்பாக நீட்டியபடியே பின்னால் நகர்ந்தாள். கால் தானாக உள்ளே வந்தது.

"ஏனுங் அம்மிணி, கால்ல முள்ளுக் குத்திருச்சா?" என்றான் செங்கோட்டையன்.

சௌந்திரம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். "அப்பா, இதுல அத்தை..."

"இரு சாமி. பட்டை எண்ணீட்டு இருக்கறனல்லோ."

வீட்டில் அன்று பெரிய பேச்சு நடந்தது. அப்பாவுக்கு ஹெரால்டு. அம்மாவுக்கு பியட்.

"ஓமலூரு வண்டிக்கு ரெண்டே கதவாம்ல? நாலு கதவு இருக்கற வண்டி இருக்கறப்ப ரெண்டு கதவுக்கு எதுக்குப் போகோணும்?" என்றாள் பாவாயி.

"கதவா வண்டிய ஓட்டுது?"

"அப்ப கதவே இல்லாம ஒண்ணு வாங்குங்க."

"அத்தையக் கேக்கலாமுங்க அப்பா" என்றாள் சௌந்திரம்.

"எனக்கென்ன தெரியும் சாமி? எது வாங்குனாலும் சரி" என்றாள் அத்தை.

பேச்சு முடியவில்லை. கடைசியில், எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் காளியண்ணனும் செய்தார். அம்மனிடம் பூக் கேட்பது என்று முடிவானது.

பூக் கேட்பது கஷ்டமான காரியம் இல்லை. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வருவதுதான் அம்மன் வாக்கு. அதை மீறி யாரும் ஒரு கோழிகூட வாங்கமாட்டார்கள்.

வெள்ளைப் பூ வந்தால் வெள்ளை வண்டி. சிவப்புப் பூ வந்தால் பச்சை வண்டி. எடுக்க வேண்டியவள் சௌந்திரம்.

காளியண்ணன் கைகூப்பி உரக்கக் கேட்டார்: "தாயே, எந்த வண்டியோட எஞ்சின் மக்கர் பண்ணாம ஓடும்? நீதான் சொல்லோணும்."

பூசாரி ஆண்டி பொட்டலங்களை வைத்தார். கண்ணை மூடப்போன சௌந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டாள். வலது பக்கத்து இலை ஓரத்தில், ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. கையை நீட்டினால் போதும். பச்சை வண்டி வந்துவிடும். அத்தையின் மெத்தை எடப்பாடி போய்விடும்.

கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. விளக்கில் திரி பொரிந்தது.

"பூசாரி, ஒண்ணுல பூ வெளிய தெரியுதுங்க. சரியா மடிச்சு மாத்தி வையுங்க" என்றாள்.

ஆண்டி அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். இரண்டையும் இறுக்கி மடித்து, மாற்றி மாற்றி வைத்தார். சௌந்திரம் கண்களை இறுக்கிக்கொண்டு எடுத்தாள்.

வெள்ளை.

"அப்பறம் என்ன? தாயே சொல்லிட்டா!" என்று காளியண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாவாயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

சௌந்திரம் எழவில்லை. உள்ளங்கையில் இருந்த பூவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க சாமிகிட்ட என்ன கேட்டீங்க?"

"எந்த வண்டி எஞ்சின் நல்லா ஓடும்னு கேட்டேன்."

"சாமி அதுக்குப் பதில் சொல்லீருச்சு. அத்தை எந்த வண்டில ஏறுவாங்கன்னு நாம கேக்கவே இல்லீங்களே."

காளியண்ணன் பூசாரியின் முகத்தைப் பார்த்தார்.

ஆண்டி சிரித்தார். "புள்ளை சொல்றது சரிதானுங்களே. கேட்ட கேள்விக்குத்தான் அம்மா பதில் சொல்லுவா. வேணும்னா இன்னொருக்காப் பூப் போடலாமுங்க."

"அதுக்கு எதுக்குங்க பூ?" என்றாள் சௌந்திரம். "அத்தைதான் ஊட்லயே இருக்கறாங்களே."

ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையன் இரண்டு வண்டிகளையும் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தான். இரண்டும் வாசலில் நின்றன. தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அத்தை தடியை ஊன்றி வாசற்படியில் நின்றாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"நான் எங்கயும் வல்ல. நீங்க போங்க" என்றாள்.

சௌந்திரம் கூட்டத்தைப் பார்த்தாள். "செங்கோட்டையண்ணா, லாரில இருந்து தார்ப்பாயி எடுத்துட்டு வாங்க."

தார்ப்பாயைத் தெருப் பக்கம் திரை மாதிரி கட்டினார்கள். "என்னடா, தெருக்கூத்தா?" என்று யாரோ கேட்டார்கள். "காசு குடுத்தாத்தான் உள்ள விடுவோம்" என்றான் செங்கோட்டையன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது.

முதலில் ஹெரால்டு. அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னால் நகர வழி இல்லை. சீட்டுகள் தனித்தனி. நடுவில் கியர்க் கம்பி நின்றது. நீட்டிய கால் வாசலுக்கு வெளியே, கதவை இடித்துக்கொண்டு நின்றது.

"நாங்க புடிச்சுத் தூக்கி வெச்சர்றமுங்க" என்றான் செங்கோட்டையன்.

"வேண்டாம்" என்று அத்தை எழுந்துவிட்டாள்.

காளியண்ணன் தரையைப் பார்த்தார். சாக்கு விரித்து அடியில் நுழைந்தபோது தெரியாத ஏதோ ஒன்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது.

சௌந்திரம் பியட்டின் கதவைத் திறந்து வைத்தாள். "கட்டில்ல உக்கார்ற மாதிரியே உக்காருங்க அத்தை. கதவைப் புடிச்சுக்குங்க."

அத்தை கதவைப் பிடித்தாள். உட்கார்ந்தாள். நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். கால் உள்ளே வந்தது. அவள் மெதுவாக முன்பக்கம் திரும்பி, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதுமுங்க அக்கா, எறங்குங்க. வண்டிய எடப்பாடில கொண்டுபோய் உடோணும்" என்றார் காளியண்ணன்.

"எடப்பாடிக்குத்தான போகுது?" என்றாள் அத்தை. "நான் எதுக்கு எறங்கோணும்? சௌந்திரம், அந்த மெத்தைய எடுத்துட்டு வா சாமி."

பச்சை பியட்டைத்தான் வாங்கினார்கள். கதவு காற்றில் பறந்துவிடுமே என்ற பயம் காளியண்ணனுக்குக் கடைசிவரை போகவில்லை. லாரியின் பின்பலகைக்குப் போடும் இரும்புக் கொக்கி ஒன்றைக் கதவின் உட்பக்கம் மாட்டிவிட்டார். கதவு ஒருநாளும் பறக்கவில்லை.

ஆராயி அத்தை அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தாள். ஒரு கல்யாணம் விடாமல் போய்வந்தாள். எடப்பாடிக் குழந்தை அந்த மெத்தையில் படுத்துத் தேறி, பின்னாளில் தறி ஓட்டியது. செங்கோட்டையன் சொந்தமாக ஒரு லாரி வாங்கினான். பாவாயி, நாலு கதவு வண்டி வாங்கியது தன்னால்தான் என்று இன்றும் சொல்கிறாள். சௌந்திரம் சேலத்தில் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் அதிகம் பேசமாட்டாள்.

வெள்ளை ஹெரால்டை ஓமலூரிலேயே ஒரு வாத்தியார் வாங்கினார். அதன் எஞ்சின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லையாம். அம்மன் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.