ஆறாம் மாடி

பாட்டு முடிந்த பிறகு இன்னொரு தும்மல் கேட்டது.

கார் ஷெட்டுக்குள் வந்து நின்றிருந்தது. என்ஜினை நிறுத்தப் போன அவன் கை அப்படியே நின்றது. பாட்டுப் பெட்டியின் சின்னத் திரை இருண்டு கிடந்தது. பாட்டு ஓடவில்லை. ரேடியோவில் வெறும் இரைச்சல்தான் வர வேண்டும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் யாரோ தும்மினார்கள்.

தும்மினார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தும்முகிறவனுக்கு மூச்சு முட்டும், மூக்கு விடைக்கும். இதில் அதெல்லாம் இல்லை. தும்மல் என்றால் என்னவென்றே தெரியாத யாரோ, அதையும் பாட்டில் வரும் ஒரு வார்த்தை என்று எண்ணிக்கொண்டு நிறுத்தி உச்சரித்தது போல இருந்தது. "ஹச்." கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை, "ஹச்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருண்ட குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு தொங்க வேலை செய்கிறவன். சத்தத்துக்குப் பயந்தால் அவன் பிழைப்பு நடக்காது. ரேடியோவை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். வாசல் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மகள் படியில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காத்திருந்தாள்.

"லிஃப்ட் ரெடியா?" என்றாள்.

"ரெடி, ஆபரேட்டர் மேடம்" என்று அவளைத் தூக்கித் தோளில் ஏற்றிக்கொண்டான். தினமும் நடப்பதுதான். அவளுக்கு எட்டு வயது ஆகிவிட்டது, முதுகு வலிக்கிறது. ஆனாலும் அந்த லிஃப்ட் ஒருநாளும் பழுதானதில்லை.

அவனுடைய கார் கேசட் காலத்து வண்டி. கேசட் போடும் வாய் எப்போதோ அடைத்துக்கொண்டது, ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தது. அதற்கென்று ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கியிருந்தான். விரல் நீளக் கருவி. சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகிப் பாட்டுப் பெட்டியின் ஒயரை அதில் மாட்டினால், அது தானே ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் நம் பாட்டு நமக்கே கேட்கும். "பத்தடி, பதினஞ்சடி. அதுக்கு மேல எட்டாது சார்" என்றுதான் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அந்தப் பதினைந்து அடிக்குள் அவர்கள் வீட்டுச் சமையலறை இருந்தது. ஷெட்டும் சமையலறையும் ஒரே சுவர். ஒருநாள் அவன் வண்டியை உள்ளே விட்டபோது, அலமாரி மேலிருந்த பேட்டரி ரேடியோவில் திடீரென்று மகளின் குரலே வந்தது. அவளே இட்டுக்கட்டி, சளி மூக்கோடு ஐந்து வயதில் பாடி, அவன் பதிவு செய்து வைத்திருந்தது.

ஒண்ணாம் மாடியில ஒட்டகச் சிவிங்கி, ரெண்டாம் மாடியில ரெட்டைவால் குருவி, மூணாம் மாடியில மூக்கொழுகும் முயலு. இங்கே ஒரு தும்மல், அவனுடைய சிரிப்பு. பிறகு நாலாம் மாடியில நாய்க்குட்டி, அஞ்சாம் மாடியில அப்பா வந்தாச்சு, கதவைத் திற! அவ்வளவுதான் பாட்டு.

தன் குரலைக் கேட்டுக் குழந்தை துள்ளிக் குதித்து ஓடிக் கதவைத் திறந்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். அவளுக்கு மாலை ஷிஃப்ட் வந்தபோது, அவள் கிளம்புவதற்கும் அவன் வந்து சேர்வதற்கும் நடுவே மகள் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டியதாயிற்று. அப்போது அந்த வழக்கத்தையே அவன் சட்டமாக்கினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள். மணி அடித்தாலும் திறக்காதே. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்காதே. அப்பா குரல் மாதிரியே இருந்தாலும் திறக்காதே. ரேடியோவில் நம்ம பாட்டு வந்தால் மட்டும் திற.

"ஊர்ல எல்லாரும் சாவி போட்டுத் திறப்பாங்க. நம்ம வீட்டுல பாட்டுப் போட்டுத் திறக்கணுமாம்" என்று மனைவி கிண்டல் செய்தாள். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். சாவியைத் திருடலாம், பாட்டை எவன் திருடுவான் என்று நினைத்தான்.

தும்மல் கேட்டதற்கு மறுநாள், கேட்டுக்குள் நுழைந்ததும் பாட்டை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தான். இரைச்சல். ஷெட்டுச் சுவரில் பல்லி கத்தியது. சூடான என்ஜின் எண்ணெய் வாடையோடு, நனைந்த பழந்துணி வாடை ஒன்றும் எங்கிருந்தோ வந்தது. பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வருவது போல, "ஒண்ணாம்... ஒண்ணாம்... மாடியில."

அவன் மகளின் குரல் இல்லை. பெரியவர்கள் குரலும் இல்லை. ஒரு வரியைச் சொல்லும், தடுமாறும், விட்ட இடத்திலிருந்து திரும்பச் சொல்லும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளை போல.

அந்த வாரம் முழுக்க அது பாடம் படித்தது. ஒட்டகச் சிவிங்கி வந்தது. ரெட்டைவால் குருவி வந்தது. தும்மலில் மூச்சு சேர்ந்தது. அவனுடைய சிரிப்பையும் அது விடவில்லை. முதலில் இருமல் போல இருந்த அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. வெளித்தெருவில் ஒன்றும் கேட்காது. வீட்டு எல்லைக்குள் வந்தால்தான் கேட்கும். பதினைந்து அடி என்று கடைக்காரர் சொன்னது அப்போதெல்லாம் அவன் நினைவுக்கு வந்தது.

மனைவியிடம் சொன்னான். அவள் மறுநாளைக்கான சீருடையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"பக்கத்துல யாராவது அதே எண்ணுல ஏதாவது போட்டுக் கேக்கறாங்களோ என்னவோ."

"நம்ம பாப்பா பாட்டையா?"

"ஏங்க, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாள் பூரா குழிக்குள்ள இருந்துட்டு வரீங்க, காதுல அதே சத்தம் ஓடுது. அவ்வளவு பயமா இருந்தா அந்தப் பாட்டு வழக்கத்தை விட்டுடுங்க. வேற பூட்டு போட்டுக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை போட்டுடறேன்" என்றான்.

மறுநாள் மாலை சமையலறை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் இருக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதானே. மதில் ஓரம் கூடவில்லை. பின்கட்டில் கூடவில்லை. சலித்துப்போய் ரேடியோவைத் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறித்தான். குரல் காதோடு பேசுவது போலத் தெளிந்தது. இறக்கினான், மங்கியது. தூக்கினான், தெளிந்தது. உயரத் தூக்கினால் ரேடியோ நன்றாக எடுக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

தூக்கிப் பிடித்திருந்த அந்த நேரத்தில் பாட்டு அஞ்சாம் மாடியைத் தாண்டியது. "ஆறாம் மாடியில..." என்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிக்கு என்ன போடலாம் என்று யோசிப்பது போல இருந்தது.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்று போய், உள்ளே மாட்டியவர்களை வெளியே எடுத்துவிட்டு அவன் காரில் ஏறியபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஒருநாளும் இவ்வளவு தாமதித்ததில்லை. மனைவிக்குச் சொல்லலாம் என்றால் ஃபோனில் சார்ஜ் இல்லை. டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஓட்டையில் சார்ஜரைச் செருகினான். லேபில் யாரும் எடுக்கவில்லை. வைப்பர் இழுத்து இழுத்து அழுதது. ரேடியோ அதே எண்ணில், வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

குழந்தை பயந்திருப்பாள். அது ஒன்றுதான் அவன் மனதில் ஓடியது. இருட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

தெருவில் திரும்பினான். கேட் வந்தது. இரைச்சல் ஒதுங்கியது.

"ஒண்ணாம் மாடியில ஒட்டகச் சிவிங்கி."

மகளின் குரல். சளி மூக்கோடு, ஐந்து வயதுக் குரல். ஒரு பிசகும் இல்லை. அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. கருவி அங்கேதான் இருந்தது. குளிர்ந்து கிடந்தது.

"மூணாம் மாடியில மூக்கொழுகும் முயலு." தும்மல். அவன் சிரிப்பு.

கேட்டை இடித்துக்கொண்டே வண்டியை உள்ளே விட்டான். ஹாரனை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். ஹாரன் சத்தம் கேட்டாலும் திறக்காதே என்றும் அவன்தான் சொல்லியிருந்தான்.

"அஞ்சாம் மாடியில அப்பா வந்தாச்சு, கதவைத் திற!"

மழைச் சத்தத்துக்கு நடுவே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. படியில் யாரும் இல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் மகள் நின்று, எதிரே இருந்த வெறுமையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். வழி விட்டு ஒதுங்கினாள்.

"திறக்காத! பாப்பா!"

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். கதவை இரண்டு கையாலும் அறைந்தான். கதவின் மேல் பாதி மங்கல் கண்ணாடி. அதற்குப் பின்னால் அவளுடைய சின்ன நிழல் வந்து நின்றது.

"பாப்பா, கதவைத் திற. நான்தான்டா. அப்பா."

நிழல் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கியது. பிறகு மகள் மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"அப்பா உள்ள இருக்காரு. நீங்க யாரு?"

அவள் அவனை ஒருநாளும் நீங்க என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவன் நெஞ்சு உடைந்தது.

பாட்டு. பாட்டுப் போட வேண்டும். காருக்கு ஓடினான். சார்ஜரைப் பிடுங்கி எறிந்தான். கருவி ஓட்டையில் நுழைய மறுத்தது. நுழைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டை அழுத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறை ரேடியோவில், ஒண்ணாம் மாடியில ஒட்டகச் சிவிங்கி. திரும்ப ஓடி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டினான்.

"கேக்குதா? நம்ம பாட்டு! இப்பத் திற, ஆபரேட்டர்!"

"அப்பா, பாரேன்" என்றாள் மகள். அவனிடம் சொல்லவில்லை. "வெளிய யாரோ உன்னை மாதிரியே பண்றாங்க."

உள்ளே அவன் சிரித்தான். அவனுடைய சிரிப்பேதான்.

கண்ணாடிக்குப் பின்னால் மகளின் நிழல் இரண்டு கைகளையும் மேலே தூக்கியது.

"லிஃப்ட் ரெடியா?"

நிழல் எழும்பியது. தோள் உயரம். அவன் தூக்குகிற உயரம். அங்கே நிற்கவில்லை. கண்ணாடியின் விளிம்பில் இடுப்பு தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு ஆடிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள். பிறகு வெளிச்சம் மட்டும்.

தோட்டத்துக் கல்லால் கண்ணாடியை உடைத்தான். கை கிழிந்தது. தாழ்ப்பாளை நீக்கி உள்ளே விழுந்தான்.

யாரும் இல்லை. கூரை அப்படியே இருந்தது, ஒரு விரிசல்கூட இல்லை. நனைந்த துணி வாடை. தரையில் அவளுடைய செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கிடந்தன. ஷெட்டில் அவன் போட்டுவிட்டு வந்த பாட்டு ஓடி முடிந்து நின்றிருந்தது. சமையலறை ரேடியோவில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். பழைய குரல் இல்லை. இன்றைய குரல். எட்டு வயது. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே.

"ஆறாம் மாடியில நானும் அப்பாவும்."

அது தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு.

"ஏழாம் மாடியில..." மங்கியது. இரைச்சல் மூடியது. அவன் ரேடியோவைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினான். தெளிந்தது. எட்டாம் மாடி. மங்கியது. மேஜை மேல் ஏறினான். ஒன்பது. போதவில்லை. மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றான். மழை கண்ணை மறைத்தது. மேலே இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் ரேடியோவைத் தூக்கிப் பிடித்தான். நுனிக்காலில் நின்றான்.

"...இன்னும் மேல, அப்பா..."

வெகுநேரம் கழித்துக் கீழே கேட் திறந்தது. மனைவியின் ஸ்கூட்டர் வெளிச்சம் உடைந்த கதவின் மேல் விழுந்தது. "ஏங்க?" என்றாள் முதலில். பிறகு மகளைக் கூப்பிட்டாள். பிறகு கத்தத் தொடங்கினாள்.

அவன் பதில் சொல்லவில்லை. பேசினால் கேட்காது. கிழிந்த கையிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. தோள் இரண்டும் மரத்துவிட்டன. இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நூலிழை போல ஒரு குரல் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. கையைக் கொஞ்சம் இறக்கினால் அதுவும் போய்விடும்.

அவன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.