கவுண்டரில் ஆள் நிற்கும்போது

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர்: முன்னறையில் மடிக்கணினிக்கு முன்னால் அக்கா, பின்னறையில் தம்பி. திரைக்குள், சின்னக் கடை ஒன்றின் கவுண்டருக்கு முன்னால் இருந்தவர்கள்: குடைக்காரர், தபால்காரர், கைக்குழந்தைக்காரி, பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவர். தம்பி வரைந்தது இந்த நாலு பேரைத்தான். வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்துநாலு மணி நேரக் கடையில் ஆறு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு, போன மாதம்தான் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றவள். வரிசையில் ஒரு தலை கூடுவதும் குறைவதும் அவளுக்குப் புதிதல்ல. அந்தக் கடைக் கதைகளை வாய் பிளந்து கேட்ட தம்பி, இரண்டு வருஷம் தனியாளாக உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்திருந்தான். வருகிறவர்களின் தலைக்கு மேல் குமிழிப் படத்தில் தெரியும் டீயையோ பன்னையோ பாலையோ எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு வெளியீடு. அதற்குமுன் குறை சொல்ல ஓர் ஆள் தேவை. குறை சொல்வதில் அந்த வீட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சோதனைக்கு ஒரு விதி உண்டு. விளையாடுகிறவள் தோன்றியதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செய்தவன் பதில் பேசக் கூடாது, உதவிக்கும் வரக் கூடாது. கேட்டதை எழுதிக்கொள்ளலாம். பின்னறையில் அவன் தட்டும் குறிப்புகள் அவள் திரையின் ஓரத்தில் வரிவரியாக ஏறும். திருத்திய விளையாட்டும் அப்படியே வந்து சேரும். முதல் சுற்றிலேயே அவள், "ஐயோ, ஷாக் அடிச்சிருச்சுடா!" என்று கத்தி அவனை ஓடிவர வைத்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இனிமே நீ செத்தாலும் எந்திரிச்சு வர மாட்டேன்க்கா," என்று முறைத்தான். காலையில் கதவில் இடித்துக்கொண்ட இடது முழங்கையில் அவள் ஒட்டிவிட்ட பிளாஸ்திரி பாதி பிய்ந்து தொங்கியது.

"மொதல்ல அதை ஒழுங்கா ஒட்டு, எருமை."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்து, குழாய் வழியே இறங்கி, வாசல் படியில் சொட்டுச் சொட்டாக உடைகிற தண்ணீரின் சத்தமும், ஈரச் சிமெண்ட் வாடையும், பின்னறையிலிருந்து வந்த விசைப்பலகையின் சடசடப்பும் கலந்து அவளுக்குத் தூக்கத்தையே வரவழைத்தன.

"குடைக்காரர் அரை நிமிஷத்துல கோவிச்சுக்கிட்டுப் போயிடறாரு. சுத்தப் பொய்டா. எங்க கடையில வேணுங்கறது கைக்கு வராம ஒருத்தன் நகர மாட்டான்."

சடசடப்பு. வரி ஏழு: கேட்டது கிடைக்காமல் யாரும் போகக் கூடாது. சரிசெய்தாயிற்று.

"ஆள் நிக்கும்போது என்னை எந்திரிச்சு உலாத்த விடறே. எங்க மேனேஜர் ஒண்ணுக்குப் போகக்கூட விட்டதில்ல."

வரி ஒன்பது: கவுண்டரில் ஆள் நிற்கும்போது கடைக்காரி நகர முடியாது. சரிசெய்தாயிற்று.

"கடைசில நிக்கிறவன் மட்டும் அருமையா வந்திருக்கான்டா. சட்டை நனைஞ்சு ஒடம்போட ஒட்டியிருக்கறது வரைக்கும் தெரியுது. மூஞ்சிதான் இன்னும் வரையல போல. தலைக்கு மேல குமிழியும் காலி. என்ன வேணும்னு காட்டு, கொடுத்துத் தொலைக்கறேன்."

சடசடப்பு நின்றது. மறுபடி தொடங்கியது. பிறகு வரி பன்னிரண்டு: கடைசியில் யார்? நான் வரைந்தது நாலு பேர்தான். பிழை. பார்க்க வேண்டும்.

அதன் கீழே வரி பதிமூன்று வந்தது: என்ன வேண்டும் என்று காட்டலாம். சரிசெய்தாயிற்று.

அந்த வரிக்குப் பின்னறையில் விசைப்பலகைச் சத்தம் கேட்கவே இல்லை.

திரை ஒருமுறை இருண்டு மறுபடி ஒளிர்ந்தது. நாலு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், குழந்தை உட்பட. ஐந்தாமவன் கவுண்டருக்கு வந்துவிட்டான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான சாம்பல் நிறம். தலைக்கு மேலிருந்த குமிழிக்குள் ஒரு படம் மெல்லத் தெளிந்தது. மேசை. மேசைமேல் குனிந்த முதுகு. மஞ்சள் பனியன். இடது முழங்கையில் பாதி பிய்ந்து தொங்கும் பிளாஸ்திரி.

அவள் டீ கொடுத்தாள். அவன் அதை ஓரமாக வைத்தான். பன் கொடுத்தாள். டீக்குப் பக்கத்தில் வைத்தான். பால், ரொட்டி, இருந்ததெல்லாம் கொடுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்துவிட்டு நின்றான். எங்கிருந்தோ நாள்பட்ட ஈரத்துணி நாற்றம் வந்தது. பொத்தான்களை எல்லாம் அழுத்தினாள். பவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தாள். திரை அணையவில்லை.

பின்னறைக்கு ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள எழப் பார்த்தாள்.

எழவில்லை.

தொடை இரண்டும் யாருடையதோ போல நாற்காலியில் கிடந்தன.

"டேய்! அந்த ரூமை விட்டு வராதே! கதவைச் சாத்திக்கோ!"

சடசடப்பு. வரி பதினான்கு: 'வராதே' என்று கத்துகிறாள். இதுவரை யாரும் இவ்வளவு ஒன்றி விளையாடியதில்லை. நான் குறுக்கிடக் கூடாது.

"விளையாட்டு இல்லடா! நெஜமா சொல்றேன்! கண்ணா, அக்கா நெஜமாத்தான் சொல்றேன்!"

வரி பதினைந்து: மறுபடியும் ஷாக் அடிக்கிறது போல. ஏமாற மாட்டேன்.

திரையில் ஐந்தாமவன் கையைத் தூக்கினான். கவுண்டர் மணியை ஒரு தட்டு தட்டினான்.

வாசல் மணி அடித்தது.

பின்னறையில் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். தம்பி கையில் பேனாவோடு வந்தான். கன்னமெல்லாம் நீராக, வாய் கோணி, நாற்காலியோடு மல்லாடிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். அவன் முகம் பூவாக மலர்ந்தது. இரண்டு வருஷத்தில் அவள் பார்க்காத சந்தோஷம். உதட்டில் விரலை வைத்தான். நீ ஆடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசல் பக்கம் கை காட்டினான். விதிப்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

கைக்கு எட்டும் தூரத்தில் கடந்தான். பாய்ந்து பிடித்தாள். விரலோடு வந்தது பிளாஸ்திரி மட்டும்.

திறக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

அவன் திறந்தான். மழை. படியில் ஒரு நனைந்த சட்டை. அதற்குமேல் சாம்பல் நிறம். "யாருங்க, என்ன வே..." என்றான் தம்பி. ஒரு கை வந்து அவன் இடது முழங்கையை, கடையில் பொட்டலத்தை வாங்குவது போல, பதனமாக வாங்கிக்கொண்டது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அப்போது அவளுக்குக் குரல் வந்தது. ஆறு வருஷம் ராத்திரி ராத்திரியாகச் சொன்ன அதே குரல்.

"நன்றி. மறுபடியும் வாங்க."

திரையில் குமிழி மறைந்தது. அவள் கால்களுக்கு உயிர் வந்தது. நாற்காலி உருள எழுந்து ஓடினாள். வாசலுக்கு நாலே எட்டு.

தம்பிக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளிப்பக்கம் பூட்டே இல்லாத கதவு அது. வெளியிலிருந்து யாரோ நிதானமாகப் பூட்டினார்கள்.