பயம் இறங்கிய அறை

தையல்காரியின் வீட்டு வாசலில் மனநல மருத்துவர் செருப்பைக் கழற்றும்போதே அவள் கணவன் எரிந்து விழுந்தான்.

"இன்னிக்கு ஒரு முடிவு தெரியணும் டாக்டர். ஒரு ரூமைப் பார்த்து நடுங்குறவகிட்ட குழந்தையை எப்படி விடுறது? முடியலைன்னா பாப்பா அடுத்த தெருவுல எங்க அக்கா வீட்டிலேயே வளரட்டும்."

"நீங்க அங்கேயே போய்ப் பாப்பாவோட இருங்க. நான் போன் பண்றேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பயந்தவர்களை மிரட்டித் திருத்த நினைப்பவர்களைக் கண்டாலே மருத்துவருக்கு ஆகாது. கரப்பான்பூச்சிக்கு அலறியவர்களையும் விமானம் ஏற மறுத்தவர்களையும் வழிக்குக் கொண்டுவந்த கைராசிக்காரர் அவர். இந்த ஆளுக்கு முன்னால் தோற்பதாக இல்லை.

அந்த வீடும் அவனைப் போலத்தான் இருந்தது. உச்சி வெயிலிலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஊறிப்போன துணியின் வாடை சுவரிலிருந்து வந்தது. கூடத்திலிருந்து ஒரு குறுகிய நடை உள்ளே போய்த் திரும்பும். திருப்பத்துக்கு அப்பால் பின்வாசல். அதை ஒட்டி அந்த அறை.

"உள்ளே யாரோ மூச்சு விடுறாங்க டாக்டர்," என்று குடிவந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள் தையல்காரி. மூடிய இருட்டறையைக் கண்டு வரும் அச்சம் இது, காதில் விழுவது உங்கள் மூச்சுதான் என்று மருத்துவர் விளக்கினார். இதற்கு வைத்தியம், பயப்படும் இடத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது. முதலில் நடையில் நின்றார்கள். அப்புறம் கதவைத் தொட்டார்கள். அப்புறம் வாரக்கணக்கில் அந்தக் கதவை ஒட்டியே உட்கார்ந்து பேசினார்கள். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஓடாமல் இருந்தால் தானாக இறங்கிவிடும் என்று மருத்துவர் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

இன்று கடைசிப் படி. அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கூடத்தில் இருந்தபடியே, பயம் பத்துக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்பார்.

"பாப்பாவை நினைச்சுக்கிட்டே போறேன்," என்றாள் அவள். உதடு வெளுத்திருந்தது. திருப்பத்தில் மறைந்தாள். கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"எத்தனை?"

பதில் வர நேரமானது.

"பத்து."

குரல் கரகரத்தது. பயத்தில் தொண்டை வறண்டால் அப்படித்தான் இருக்கும்.

"ஓடாதீங்க. அங்கேயே இருங்க."

"கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க."

"நான்தான் இருக்கேன். உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன். இப்போ எத்தனை?"

"ஆறு."

வாடை கூடியது. மருத்துவர் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.

"மூணு."

குரல் தெளிந்துவிட்டது. தையல்காரியின் குரலேதான். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மெல்லிய சிரிப்பு கேட்டது.

"இப்போ ஒண்ணுமே இல்லை டாக்டர்."

மருத்துவருக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே கணவனைக் கூப்பிட்டார். "குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. உங்க மனைவி ஜெயிச்சுட்டாங்க," என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

போனை வைத்தபோது வாசல் கதவு திறந்தது.

தையல்காரி நின்றாள். காலெல்லாம் தெருப்புழுதி, அழுது வீங்கிய கண்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். பின்வாசல் வழியா ஓடிட்டேன். அந்த ரூமுக்குள்ள நான் போகவே இல்லை."

மருத்துவர் நடைப் பக்கம் திரும்பினார்.

அப்படியென்றால் வாரக்கணக்கில் அந்தக் கதவோரம் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்?

"டாக்டர்," என்றது நடைக்கு அப்பாலிருந்து அந்தக் குரல். "இத்தனை நாளா உங்களையெல்லாம் நினைச்சுத்தான் வெளியே வரப் பயமா இருந்துச்சு."

அறையின் தாழ்ப்பாள் விலகியது.

தையல்காரி மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவராலும் நகர முடியவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது. தாயைப் பார்க்கும் சந்தோஷத்தில் குழந்தை "அம்மா" என்று கத்திக்கொண்டே படியேறியது.

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் நடையிலிருந்து பதில் வந்தது.

"வந்துட்டேன் கண்ணு."