வரத்துக் குறைந்த படிப்பு

காப்பி மறுபடியும் ஆறிப்போயிருந்தது. செண்பகவல்லி அதை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள். மகன் சங்கரநயினார் நேற்று மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூடத் தொடவில்லை.

மதராஸில் பி.ஏ. படிக்கிற பையன். தத்துவமும் சமய சாஸ்திரமும். இரண்டு வருஷப் படிப்பில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவனை, "காலேஜுக்குப் போனது போதும், நாளையிலயிருந்து மண்டியில உக்காரு" என்று அப்பா மருதப்பன் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"பாதி சிவனும் பாதி பெருமாளுமா நிக்கிற சாமியக் கும்பிட்டு வளந்தவம்மா நான்," என்றான் சங்கரன், சுவரைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டும் எப்படி ஒண்ணாகும்னு கேக்கத்தான் போனேன். பாதிக் கேள்வியில இழுத்துக்கிட்டு வாரிய. என்னைய அதுல சேத்துவிட்டதே நீதான... இன்னைக்கு ஏன் வாயத் தொறக்க மாட்டேங்க?"

செண்பகவல்லி காப்பியை இறக்கி அவன் பக்கத்தில் வைத்தாள். சொல்ல வேண்டிய பதில் அவளிடம் ஒரு வருஷமாகக் கிடந்தது.

மருதப்பன் மிளகாய் வத்தல் தரகர். மண்டியில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வரத்துக் குறைந்த சரக்கைப் பிடித்துப் போட்டால் பின்னால் விலை ஏறும் என்பது அவர் கண்ட வேதம். போன வருஷம் மகனைப் பெட்டி படுக்கையோடு வாசலில் நிறுத்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகக் காலேஜ் ஆபீசுக்குள் போனார்கள். எந்தப் படிப்புக்குக் கூட்டம் கம்மி என்று கேட்டார் மருதப்பன். தத்துவத்துக்கு ஆறேழு பேர்தான் என்றார் குமாஸ்தா. மருதப்பனின் கண் பளிச்சென்றது. "அதுலயே போடுங்க. நாளைக்கு இவனுவளுக்குத்தான் கிராக்கி."

ஊருக்கு வந்ததும் கடைத்தெரு சிரித்தது. "என்ன அண்ணாச்சி, மகனுக்குக் காவி வேட்டி எடுத்தாச்சா?" சரக்குப் பார்க்கத் தெரியாத தரகனிடம் எவன் மூட்டையை இறக்குவான்? "வீட்டுக்காரி ஆசைப்பட்டா" என்று தள்ளிவிட்டார். செண்பகவல்லியும் அதைத் தலையில் வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, புளியங்குடிக்காரவுக வந்தாச்சு" என்று முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள் முத்துமீனாள். மருதப்பனின் அக்கா, புருஷன் போனபின் தம்பி வீட்டோடு இருப்பவள்.

வந்தவர் எலுமிச்சை வியாபாரி நெல்லைநாயகம். சங்கரனுக்கு மகளைக் கொடுப்பதாக இருந்தவர். இந்தப் படிப்பை நிறுத்தினால்தான் சம்பந்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"பையன் கோயிலுக்கும் போறானாம், மாதா கோயிலுக்கும் போறானாம், பள்ளிவாசல் வாசல்லயும் நிக்கானாம். எல்லாச் சாமியையும் மாதிரிச் சரக்குக் கணக்கா எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணையும் வாங்காமப் போற கிராக்கி மாதிரில்லா இருக்கு."

"எல்லாம் இவ வேலை அண்ணாச்சி," என்றாள் முத்துமீனாள். "எந்தம்பி வாயில்லாப் பூச்சி. மகாராணி வச்சதுதான் சட்டம்."

மருதப்பன் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"படிப்ப நிறுத்திட்டிய, சந்தோசம்," என்றார் நெல்லைநாயகம். "ஆனா இப்படி ரோசனை சொல்லுத மாமியாகிட்ட எம்பொண்ணு எப்படிப் பொழைப்பா?"

செண்பகவல்லி கதவைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் புருஷனுக்கு மண்டியில் தலை நிமிர வழியில்லை. பேசாமல் நின்றால் மகனுக்குப் படிப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. கொடுக்கத் தன்னிடம் மிச்சம் இருப்பது எது என்று தேடிப்பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது.

"அப்ப நான் இந்த வீட்ல இருக்கல அண்ணாச்சி," என்றாள். "திருவேங்கடத்துல எங்கண்ணன் வீடு இருக்கு, போயிருதேன். அவன் படிச்சு முடிக்கட்டும். பொறவு கல்யாணத்த வையுங்க. நான் கூட்டத்துல ஒருத்தியா நின்னு பாத்துக்கிடுதேன்..."

உள்ளே போனாள். கொடியில் கிடந்த சேலைகளை உருவி மடித்தாள்.

திரும்பி வந்தபோது மருதப்பன் எழுந்து நின்றிருந்தார்.

"நாயகம், அந்தச் சரக்கப் புடிச்சது நான்வே," என்றார். "கூட்டம் கம்மின்னு கேட்டுச் சேத்தேன். நாலு பேரு சிரிக்கவும் பழிய இவ தலையில ஏத்திட்டேன். ஒரு வருசமா சுமந்துக்கிட்டுத் திரியுதா. மண்டியில போயி சொல்லணும்னா சொல்லிக்கிடும்."

முத்துமீனாள் வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்தாள். நெல்லைநாயகம் குடையை எடுத்துக்கொண்டு, "எம்பொண்ணு ஒரு வருசம் காத்துக் கெடக்க மாட்டா" என்று படியிறங்கினார். யாரும் தடுக்கவில்லை.

"அம்மா... உன்னையப் போயி நான்..." சங்கரன் உள்ளேயிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

மருதப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். மனைவியின் கையிலிருந்த சேலைகளை வாங்கிக் கீழே வைத்தார். ஆம்பிளைக்கும் ஆம்பிளைக்கும் நடுவில் மட்டுமே விரிந்த அந்தத் துண்டை அவள் கைமேல் போர்த்தி, தன் கையையும் உள்ளே நீட்டினார்.

"நீ சொல்லுதது என்ன?"

அவள் தயங்கித் தயங்கி ஒரு விரலை மட்டும் பிடித்தாள். ஒரு வருஷம்.

"முடிஞ்சுது," என்றார் மருதப்பன்.

பேரம் முடிந்தால் கையை விட்டுவிடுவதுதான் மண்டி வழக்கம். அவர் விடவில்லை.