குளத்துக்கு எடுத்த அளவு

டேப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக வந்தது.

அவள் மறுபடியும் இறக்கிப் பார்த்தாள். தையல் டேப் ஐந்தடிதானே இருக்கும் என்று இரண்டு டேப்பைச் சேர்த்து ஊக்கு குத்தியிருந்தாள். நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டியிருந்தாள். நட்டு ஆடி ஆடி உள்ளே போய்த் தரையைத் தொட்டதும் டேப் தொய்ந்தது. தண்ணீர் தொடும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து வெளியே இழுத்தாள். ஐந்தடி இரண்டங்குலம். ஆழமான முனை சரியாக ஐந்தடி என்றுதான் குளம் கட்டிய மேஸ்திரி சொல்லியிருந்தார். மூன்று நாள் முன்பு தண்ணீர் நிரப்பிய அன்று அவளே அளந்ததும் ஐந்தடிதான்.

இருபது வருஷமாகத் தைக்கிறவள். தெருவில் அளவுக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்தே தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று மனசுக்குள் போட்டுவிடுவாள். டேப்பைக் கையில் எடுப்பதெல்லாம் வந்தவர் மனம் கோணக்கூடாதே என்றுதான். அவளுக்குப் போய் இரண்டு அங்குலம் தப்பினால் எரிச்சல் வராமல் இருக்குமா?

"என்ன, குளத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார் கணவர். பின்கட்டு வாசற்படியருகே நாற்காலி போட்டு, வாக்கரை எதிரில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குளம் தேய்க்கிற ரோபோ விக்கிறாரே, அவர் கேட்டிருக்காருங்க. நீளம், அகலம், ரெண்டு பக்கத்து ஆழம், பிளக்லேர்ந்து அந்த மூலை வரைக்கும் எவ்வளவு தூரம், எல்லாம் வேணுமாம். அப்பதான் எந்த மெஷின், எத்தனை மீட்டர் ஒயர்னு சொல்ல முடியுமாம்."

"சீக்கிரம் கேட்டு முடி. எனக்கு எப்ப இறங்குவோம்னு இருக்கு."

அவர் எலக்ட்ரீஷியன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பும் வலது காலும் போயின. தினம் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், இந்த வருஷத்துக்குள் கால் பிடிபடாவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பொது நீச்சல் குளத்தில் நாலு பேர் பார்க்கத் தன்னைத் தூக்கி இறக்குவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் வீட்டுக்குப் பின்னாலேயே இருபதடிக்குப் பத்தடியில் இந்தக் குளம். கட்டு வேலையின் தூசியெல்லாம் அடியில் படிந்திருந்தது. அதை எடுத்த பிறகுதான் இறங்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கணவரால் குனிய முடியாது. அவளுக்கோ நாள் முழுக்கத் தையல் மிஷின். ரோபோ ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் அதுபாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும் என்று இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அளந்தபோது நாலடி பதினோரு அங்குலம் வந்தது. மறுநாள் காலையில் ஐந்தடி நாலு. துணி டேப் பழசானால் இழுத்துப்போகும் என்று முதலில் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் இழுத்துப்போன டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அது தெரியாதவளா அவள்? கணவரின் சாமான் பெட்டியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து வந்து அளந்தாள். ஐந்தடி ஆறு. தண்ணீர் மட்டும் ஓர விளிம்பில், நிரப்பிய அன்று நின்ற அதே கோட்டில், ஒரு விரல்கூட ஏறாமல் இறங்காமல் நின்றது. சிமெண்ட் நெடிக்கும் குளோரின் மருந்து நெடிக்கும் அடியிலிருந்து இன்னொரு வாடையும் வந்தது. காலையில் கண் விழித்தவர் பக்கத்தில் முகத்தை வைத்துப் பேசினால் வருமே, அந்த வாடை. அளவு நோட்டில் வாடிக்கைக்காரர்களுக்குப் போடுவதுபோலக் குளம் என்று தலைப்புப் போட்டு, வந்த எண்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தாள்.

மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

"அளவெல்லாம் சரியாத்தாம்மா இருக்கும்," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆறடி தோண்டத்தான் நெனச்சோம். அஞ்சடிக்குக் கீழ போக முடியல."

"பாறையா?"

"பாறைன்னா உடைச்சிருப்போமே. மெத்துமெத்துன்னு இருந்துச்சு. கடப்பாரையப் போட்டா எதுக்களிச்சுத் திரும்பி வருது. தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு... ஆளுங்க வேலை செய்ய மாட்டேன்னுட்டாங்க. சரி போகட்டும்னு மேல கம்பி கட்டி கான்கிரீட் போட்டுட்டோம். ஸ்ட்ராங்காத்தாம்மா போட்டிருக்கோம்." அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

கணவரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருக்கிறது. அதை எப்படிக் கெடுப்பது? ரோபோ வந்து ஒருமுறை ஓடினால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று தள்ளிப்போட்டாள். அது அவள் செய்த தப்பு.

மறுநாள் மத்தியானம் ரோபோக்காரர் ஓட்டிக் காட்ட ஒரு மெஷினைக் காரில் கொண்டுவந்தார். இரண்டு சக்கரப் பட்டை, முன்னால் சுழலும் பிரஷ், முதுகிலிருந்து நீல ஒயர். "பதினெட்டு மீட்டர் ஒயரும்மா. உங்க குளம் ஆறு மீட்டர்தான். தாராளம்," என்று சொல்லித் தண்ணீரில் விட்டார். மெஷின் குமிழி விட்டுக்கொண்டு அமிழ்ந்தது. படிக்கட்டுப் பக்கத்துத் தரையை உர்ரென்று தேய்த்தபடி சரிவில் இறங்கி, மத்தியான வெயிலில் நெளிந்துகொண்டிருந்த தண்ணீருக்கடியில் ஆழமான முனையை நோக்கி மெதுவாக, சமர்த்தாகப் போனது. கணவர் கைதட்டினார்.

ஒயர் போய்க்கொண்டிருந்தது. மெஷின் மூலைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேய்க்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது. ஆனாலும் கரையில் சுருட்டி வைத்திருந்த ஒயர் சுற்றுச் சுற்றாகப் பிரிந்து, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பத்து மீட்டர். பதினைந்து. கடைசிச் சுற்றும் பிரிந்து, ஒயர் விறைத்து நின்றது.

ரோபோக்காரர் இரண்டு கையாலும் இழுத்தார். முதலில் அசையவில்லை. பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது. மெஷின் மேலே வந்தபோது அதன் அடிப்பாகம் சூடாக இருந்தது. மோட்டார் சூடு இல்லை. உடம்புச் சூடு.

"அம்மா, அஞ்சடின்னுதானே எழுதி அனுப்பினீங்க?" என்று கேட்டுத் தண்ணீரைப் பார்த்தார். மெஷினைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே அள்ளிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

"முடிஞ்சுதா? அவ்ளோதானா?" என்று கணவர் கேட்டது அவள் காதில் விழவில்லை. அவள் ஊக்கு குத்திய டேப்பை ஆழமான முனையில் இறக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தடி. ஏழடி. பத்தடி. நுனி கைக்கு வந்துவிட்டது. நட்டு தரையைத் தொடவே இல்லை.

உள்ளே போய் அளவு நோட்டைத் திறந்தாள். எண்களை மேலிருந்து கீழே படித்தாள். கூடி, குறைந்து, கூடி. சுவருக்கு அளவு மாறாது. தரைக்கு மாறாது. மாறுகிற அளவு ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். டேப்பை மார்பில் சுற்றியதும் வருகிறவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் விறைத்து நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வாள்: மூச்சை விட்டுடுங்க. விட்ட பிறகுதான் சரியான அளவு வரும்.

அவள் இதுவரை அளந்தது குளத்தை இல்லை.

பின்பக்கம் தண்ணீர் சளப்பென்றது. ஜன்னலில் பார்த்தாள். குளத்துப் படியருகே வாக்கர் மட்டும் நின்றது.

ஓடினாள். ஒற்றைச் செருப்போடு. குளத்தின் ஆழமான முனையில் கணவர் நின்றுகொண்டிருந்தார். மார்பளவுத் தண்ணீர். ஐந்தடி ஏழு அவர் உயரம். அவருக்குத் தைத்த ஒவ்வொரு சட்டையின் நீளமும் அவளுக்கு மனப்பாடம்.

"மெஷின் க்ளீன் பண்ணிடுச்சுல்ல, இறங்கி ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பாரு, பிடிக்காம நிக்கிறேன்."

"என்னங்க." விளிம்புக்கு வந்து நின்றாள். "எது மேலங்க நிக்கிறீங்க?"

"தரை மேலதான். கதகதன்னு நல்லா இருக்கு."

தண்ணீர் அவர் வயிற்றில் இருந்தது.

அவர் அசையவில்லை. ஒரு அடிகூட வைக்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தொடைக்கு வந்தது. கரையில் ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"ஏய், தானா தூக்குது பாரு! வலியே இல்ல!" அவர் அழுதுகொண்டே சிரித்தார். முழங்கால். கெண்டைக்கால். மெலிந்துபோன அந்த வலது காலை எட்டு மாதத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். கணுக்கால். ஆழமான முனையில் ஒரு மனிதர், தண்ணீருக்கு மேலே, நெட்டுக்குத்தாக.

நின்றது.

"கையக் குடுங்க. இங்க எட்டுங்க. என்னங்க!"

எட்டவில்லை. இரண்டு முழம். அவள் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். முகத்துக்கு நேரே தண்ணீர். அந்த வாடை.

அடியில் இருப்பதன் முழு மூச்சு. இழுத்தாகிவிட்டது.

"விட்டுடாதே," என்றாள் தண்ணீரிடம். "விட்டுடாதே. விட்டுடாதே."

அவர் இன்னும் சிரித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வரத் தொடங்கின. கணுக்காலைத் தண்ணீர் மூடியது.