ஒட்டடைக்குச்சி

தையல்காரம்மா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணி வெயில் வாசற்படி வரை வந்து, அதற்குமேல் உள்ளே வர மனமில்லாததுபோல் நின்றது.

தலைவி செருப்பைக் கழற்றினாள். தோழிகள் மூன்று பேரும் வைத்த பெயர் அது. வகுப்பில் எந்தக் கிண்டலையும் அவள்தான் தொடங்குவாள். அவர்கள் பின்னால் சிரிப்பார்கள்.

இந்த வீட்டுப் பெண்ணுக்கு ‘ஒட்டடைக்குச்சி’ என்று பெயர் வைத்ததும் தலைவிதான். அந்தப் பெயரில், அந்தப் பெண்ணின் முகத்தையே போட்டு, ஒரு ஃபேக் ஐடி ஆரம்பித்ததும் அவள்தான். எட்டு மாதம் தினமும் ஒரு படம் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடமே சிரித்தது. போன மாதம் அந்தப் பெண் கிணற்றில் விழுந்து உயிரை விட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே தலைவி ஐடியை அழித்துவிட்டாள்.

ஆனால் செத்தவளின் போனில் தலைவி தன் நம்பரிலிருந்து அனுப்பிய நக்கல் மெசேஜெல்லாம் அப்படியே இருக்கும். நாளைக்கு அதைக் கடைக்குக் கொண்டுபோய்த் திறக்கப் போவதாகத் தையல்காரம்மா டீச்சரிடம் சொல்லியிருந்தார். “நீதானே தலைவி, நீயே போ” என்று தோழிகள் கழன்றுகொண்டார்கள்.

“வாம்மா. அவ ஃப்ரெண்டா? இதுவரைக்கும் ஒருத்தரும் வரல.”

“போன் லாக் எனக்குத் தெரியும் ஆன்ட்டி. கடைக்கெல்லாம் எதுக்கு? நானே திறந்து தரேன்.”

தையல்காரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “அந்த ரூம்லதான் சார்ஜ்ல இருக்கு. நாள் முழுக்க டிங் டிங்னு கத்திக்கிட்டே கிடக்கும். எம்பொண்ணுக்கு எவ்வளவு பேர் பழக்கம்னு பெருமையா இருக்கும்மா. ஒரு நாள்கூட என்னன்னு கேட்கல.”

அறையில் ஈரத் தலைமுடியின் வாசனை அடித்தது. ஜன்னலைப் பல நாளாகத் திறக்கவில்லை போலிருந்தது. தலைவி கட்டிலில் உட்கார்ந்து, வகுப்பில் எட்டிப் பார்த்து வைத்திருந்த பேட்டர்ன் லாக்கைத் திரையில் விரலால் இழுத்தாள். திறந்துகொண்டது.

ஒவ்வொன்றாக அழித்தாள். ‘காத்து அடிச்சா ஸ்கூல் கேட்டைப் புடிச்சுக்கோடி.’ ‘நீ இல்லன்னா யார் தேடப்போறா?’ நடுவில் தன் பழைய நக்கல் ஒன்றைப் படித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

திரும்பினாள்.

சுவர் ஆணியில் பள்ளிச் சீருடை மட்டும் தொங்கியது.

மிச்சத்தை அவசர அவசரமாக அழித்துவிட்டு வெளியே வந்தாள். “ஒண்ணுமில்ல ஆன்ட்டி. எல்லாம் படிப்பு விஷயம்தான்.”

மெஷின் நின்றது.

“அதுல என்ன இருந்தா எனக்கென்ன? எம்பொண்ணு என் போன்லதான் பேசறாளே.”

தையல்காரம்மா தன் போனை நீட்டினார். திரையில் ஒட்டடைக்குச்சி. அதே முகம், அதே ஐடி. அழித்துப் பல வாரமாகியும், நேற்றைய தேதியில் செய்தி இருந்தது.

‘சாப்பிட்டியா கண்ணு?’

‘பசிக்கலம்மா.’

‘யாருடி உன்னை அப்படிப் பண்ணது?’

‘போனைக் கடைக்குக் கொண்டு போறேன்னு டீச்சர்கிட்ட சொல்லு. யார் ஓடி வராளோ, அவதான்.’

தலைவி வாசல் பக்கம் நகர்ந்தாள். “ஆன்ட்டி… நான் சும்மா விளையாட்டுக்குத்தான்…”

தையல்காரம்மா எழுந்து கதவைச் சாத்தினார். துணி வெட்டும் கத்தரி அவர் கையிலேயே இருந்தது. அப்போது போன் அதிர்ந்தது.

“எனக்குக் கண்ணு கலங்குது. நீயே படி.”

படித்தாள்.

“அவளை விட்டுடும்மா. நான் அவகூடவே போறேன்.”

தையல்காரம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“இவகூடவா போகணும் நீ? அம்மாவை விட்டுட்டு?”

அந்தப் பேச்சு தலைவியைப் பார்த்து இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து.

கடைசியில் கதவை அவரே திறந்துவிட்டார்.

தலைவி ஓடிப்போய்ப் பஸ் ஏறினாள். ஓர் இடம்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தொடைகள் மரத்துப்போயின. சட்டையின் முன்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. மூக்குக்கு நேராக ஈரத் தலைமுடியின் வாசனை.

கையிலிருந்த தன் சொந்தப் போனில் அந்த ஐடி தானாகத் திறந்துகொண்டது.

‘பஸ்ஸுல இடம் கிடைச்சுதா கண்ணு?’

‘இல்லம்மா. அவ மடியில உக்காந்திருக்கேன்.’

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. தலைவியால் எழுந்திருக்க முடியவில்லை.