உடைக்காத நல்லி எலும்பு

மறுநாள் மதியத்துக்குள் மலையிறங்க வேண்டும் என்று வனத்துறை சொல்லிவிட்டது. குகையில் ஆதிமனிதர் இருந்ததற்கு ஒரு தடயமாவது கிடைத்தால்தான் அனுமதி நீளும்.

ஷமீமா கயிற்றைப் பற்றிக்கொண்டு பாறை விளிம்பிலிருந்து இறங்கினாள். கம்பம் ஊரில் அத்தாவின் மாட்டுக்கறிக் கடையைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. ஆராய்ச்சி மாணவி லோசனிக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்றதும் அடம்பிடித்து வந்திருந்தாள். இந்தக் காற்றும் மலையும் நாலு நாளோடு முடிந்துவிடுமா?

குளவிக்கூடு இருக்கிறது, இடப்பக்கம் ஒதுங்கி வா என்று கீழே குகை வாசலிலிருந்து வழிகாட்டி சடையன் எச்சரித்தார். ஒதுங்கி ஊசலாடி உள்ளே குதித்தாள்.

காட்டெருமை எலும்புகள் குவிந்து கிடந்தன. மூன்று நாள் தோண்டியும் ஒரு கல்லாயுதம் இல்லை. சிறுத்தை தின்ற மிச்சம்தான் என்று லோசனி சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஷமீமா சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, ஒரு முன்னங்கால் எலும்பை வெளிச்சத்தில் திருப்பினாள். மூட்டருகே நாலு கீறல்கள், ஒரே சாய்வில்.

"அக்கா, சிறுத்தைக்கு ஏது கத்தி?"

லோசனி நிமிர்ந்தாள்.

"மூட்டைக் கழட்ட நாங்களும் இதே எடத்துலதான் கத்திய விடுவோம். பல்லு பட்டா எலும்பு நசுங்கும். இப்படிக் கோடு விழாது."

இருட்டில் யாரும் கறி அறுக்கமாட்டார்கள் என்று சொல்லி, வாசல் வெளிச்சம் படும் தட்டைப்பாறையைக் காட்டினாள். கத்தி மழுங்கினால் உட்கார்ந்த இடத்திலேயே தீட்டுவார்கள்; கல்கத்தி என்றால் சில்லு தெறித்திருக்கும். அதன் பக்கத்தில் மூவரும் மண்ணை அள்ளினார்கள். ஒரு முழ ஆழத்தில் வெள்ளைக்கல் சில்லுகள்! நடுவே விரல் நீளத்தில் ஒரு கல்கத்தி.

"பாத்து தாயி, இன்னமும் அறுக்கும்" என்றார் சடையன்.

பிறகுதான் ஷமீமா கவனித்தாள். நல்லி எலும்புகளையெல்லாம் உடைத்து உறிஞ்சியிருந்தார்கள். உள்சுவர்ப் பொந்தில் செருகியிருந்த ஒன்று மட்டும் முழுசாக இருந்தது.

"யாருக்கோ எடுத்து வெச்சிருக்காங்கக்கா."

"இருக்கலாம்டி. ஆனா அதை நான் எழுத முடியாது" என்றாள் லோசனி. குறிப்பேட்டில் 'உடையாத எலும்பு, ஒன்று' என்று மட்டும் எழுதினாள்.

அனுமதி ஒரு மாதம் நீண்டது. கண்டெடுத்தவர்கள் பட்டியலில் ஷமீமாவின் பெயரே முதலில் இருந்தது. படிப்புக்குப் பிடிபடாதது கறிக்கடைக் கைக்குப் பிடிபட்டது என்று லோசனி அத்தாவிடமே வந்து சொன்னாள். ஷமீமாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு மாதமும் மண்ணைச் சலிக்கும்போதெல்லாம் அவள் தேடியது ஒன்றைத்தான்: எடுத்து வைத்த எலும்பைத் தின்ன அந்த ஆள் ஏன் வரவில்லை? எந்த எலும்பும் அதை மட்டும் சொல்லவில்லை.